பெரியவர்கள் விழுந்து இடுப்பு முறிந்தால்: எல்லையோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

விழுந்து கிடக்கும் பெரியவரைக் கைகொடுத்துத் தூக்குவதற்கு முன், அவருடைய இரண்டு பாதங்களையும் பாருங்கள். ஒரு பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அந்தக் கால் மற்றக் காலைவிடச் சற்றுக் குட்டையாகத் தெரிந்தால், படுத்தபடியே குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்த அவரால் முடியாவிட்டால், தொடையிடுக்கில் கை வைத்து வலியைக் காட்டினால், தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு வலி முழங்காலில் தெரியும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் பொதுவானவை என்பதால் இவ்வாறு நேர்கிறது. முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடும் தவறு இதனால்தான் நிகழ்கிறது.

தமிழ்நாடு, ஆந்திர எல்லையில் உள்ள பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, நகரி, புத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று இயன்முறைப் பயிற்சி அளிப்பது என் வேலை. என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர், விழுந்து பல வாரங்கள் ஆன பிறகே அழைக்கிறார்கள். அதற்குள் ஆயா கட்டிலோடு கட்டிலாகிவிட்டிருப்பார். இந்த முறிவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் முறிவு அல்ல, படுக்கைதான் என்பதை முதல் நாளே யாராவது அந்த வீட்டாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கீழே வருபவை அனைத்தும் அந்த ஒரு செய்தியை ஒட்டியவையே.

விழுந்த இடத்தில்

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திப் பார்க்கக் கூடாது. காலைப் பிடித்து இழுக்கவோ, நல்லெண்ணெய் தடவி நீவவோ கூடாது. எலும்பின் கூரிய முனைகள் சதைக்குள் அசையும் ஒவ்வொரு முறையும் வலியும் இரத்தக் கசிவும் கூடும். அடிபட்ட காலுக்கும் நல்ல காலுக்கும் இடையில் மடித்த போர்வையையோ தலையணையையோ வைத்து, இரண்டு கால்களையும் தொடை, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று இடங்களில் துண்டால் தளர்வாகக் கட்டிவிட்டால், நல்ல காலே அடிபட்ட காலுக்குத் தாங்கலாகிவிடும். தூக்குப்படுக்கை இல்லாத வீட்டில் கயிற்றுக் கட்டில் மிக நல்ல மாற்று. நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றலாம். ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது மட்டும் வேண்டாம், ஏனென்றால் இடுப்பை மடக்குவதுதான் இந்த நேரத்தில் மிகக் கொடிய வலியைத் தரும்.

108 எண் இரு மாநிலங்களிலும் உண்டு. எல்லையில் இருக்கும் நமக்கு, செல்போன் கோபுரத்தைப் பொறுத்து அழைப்பு அடுத்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும் என்பதால், ஊரின் பெயரோடு வட்டத்தையும் மாவட்டத்தையும் மாநிலத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வண்டி வருவதற்குள் வேறொரு வேலை இருக்கிறது. அவர் சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய மருத்துவச் சீட்டுகளையும், ஆதார், காப்பீட்டு அட்டைகளையும் ஒரே பையில் போடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை ஏதேனும் இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மயக்க மருந்து கொடுக்கும் முறையும் அறுவைக்கான நேரமும் அதைப் பொறுத்து மாறும். அதைவிட முக்கியமாக, எப்படி விழுந்தார் என்று அவரிடமே கேட்டு நினைவில் வையுங்கள். ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்தவர் வேறு. எழுந்ததும் கண் இருட்டி விழுந்தவர், ஒரு பக்கம் கை கால் சோர்ந்து விழுந்தவர், சர்க்கரை இறங்கி விழுந்தவர் வேறு. பின்னவர்களுக்கு எலும்பைச் சரிசெய்வதோடு விழவைத்த காரணத்தையும் மருத்துவர் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு வகையினரையும் இங்கே குறிப்பிட வேண்டும். முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் நொண்டியபடியே நடப்பார்கள், பாதமும் திரும்பியிருக்காது, முதல் எக்ஸ்ரேயில்கூட முறிவு தெரியாமல் போகலாம். விழுந்த பிறகு கால் ஊன்றும்போது தொடையிடுக்கில் வலி தொடர்ந்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். செருகியிருக்கும் முறிவைச் சில திருகாணிகளால் பிடித்து நிறுத்திவிடலாம். விலகிவிட்டால் வேலை பெரிதாகிவிடும்.

கட்டு ஏன் இங்கே உதவாது

நம் பக்கத்தில் எலும்பு முறிவு என்றதும் வாயில் வரும் முதல் சொல் புத்தூர் கட்டு. பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, துணி என்று பல தலைமுறைகளாக நடந்துவரும் அந்த வைத்தியத்துக்குச் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முன்னங்கையிலோ விரலிலோ விலகாத முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு குணமானவர்களை நானும் அறிவேன், அதில் வியப்பும் இல்லை. இடம் விலகாத எலும்பை அசையாமல் வைத்திருந்தால் அது தானாகவே சேரும் இயல்புடையது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதற்குள் புதிய நாளங்களும் உயிரணுக்களும் புகுந்து இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான இணைப்புத் திசுவாக மாற்றுகின்றன. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய உருவம் செதுக்கப்படுகிறது. கட்டின் வேலை, இவை நடந்து முடியும் வரை காவல் இருப்பது.

தொடையெலும்பின் கழுத்து என்பது, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழலும் பந்தையும் கீழே இறங்கும் தண்டையும் இணைக்கும் சாய்ந்த குறுகிய பகுதி. இங்கே மூன்று காரணங்களால் அந்த இயல்பு கைவிடுகிறது. பந்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களில் பெரும்பாலானவை கழுத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஏறிப்போகின்றன. கழுத்து முறிந்து விலகும்போது அவை கிழிந்து, பந்து பட்டினி கிடக்கிறது. அடுத்ததாக, கழுத்து மூட்டு உறைக்குள் இருப்பதால், சேருவதற்கு அடித்தளமான இரத்தக் கட்டியை மூட்டு நீர் நிலைக்கவிடாது. புதிய எலும்பைப் பிறப்பிக்கும் மேலுறைப் படலமும் அந்த இடத்தில் இல்லை. மூன்றாவது வெறும் இயக்கவியல். ஒரு முறிவை அசையாமல் நிறுத்த, அதற்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். முன்னங்கைக்கு முழங்கையும் மணிக்கட்டும் இருக்கின்றன. இடுப்புக்கு மேலே உடம்பேதான் இருக்கிறது. எந்த ஊர்க் கட்டானாலும், மருத்துவமனை மாவுக்கட்டே ஆனாலும், இடுப்பைச் சுற்றியிருக்கும் பெருந்தசைகளின் இழுப்பை அது தடுக்காது. உறைக்குள் முறியும் கழுத்து சேர்வதில்லை என்று லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822-லேயே எழுதியிருக்கிறார். அதை ஓர் உலோக ஆணியால் நம்பகமாகப் பிடித்து நிறுத்தும் வழி அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன் மூலம் மருத்துவ உலகுக்குப் பரவ 1931 ஆயிற்று.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கழுத்துக்குக் கீழே, தசைகள் வந்து சேரும் முடிச்சுப் பகுதியில் முறிந்தால், அங்கே இரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் எலும்பு அறுவை இல்லாமலும் சேர்ந்துவிடும். பிறகு ஏன் அறுவை என்ற கேள்வி நியாயமானதே. அது சேர இரண்டு மூன்று மாதங்கள் எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு மல்லாந்து படுத்திருக்க வேண்டும். எழுபத்தைந்து வயது உடம்பு அந்தப் படுக்கையைத் தாங்குவதில்லை. நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகும், முதுகின் அடியிலும் குதிகாலிலும் புண் வைக்கும், காலின் நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும், தசை கரையும். வெளிநாட்டுக் கணக்குகளின்படி, நல்ல சிகிச்சை கிடைத்தும்கூட இடுப்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறக்கிறார்கள். வயதாகிவிட்டது, இந்த வயதில் கத்தி வேண்டாம் என்று சொல்லும் மாமாவும் சித்தப்பாவும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் வயதானதால்தான் கத்தி வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகப் படுக்கையிலேயே இருப்பவர், மற்றொரு நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர் ஆகியோருக்கு மட்டும் வலி தணிப்போடு நிறுத்திக்கொள்வது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

திருத்தணி, திருவள்ளூர் அரசு மருத்துவமனைகள், ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் உள்ள சி.எம்.சி., திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை, தேவஸ்தானத்தின் பர்ட் எலும்பு மருத்துவமனை என்று நம் பக்கத்தவர்களுக்கு வழிகள் பல. எங்கே போனாலும், அன்றைக்கோ மறுநாளோ அறுவை செய்யக்கூடிய இடமாகப் பார்ப்பதே சரியான தேர்வு. 36 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள் முடிப்பதை இலக்காக வைக்க வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆந்திர மருத்துவமனையில் செல்லுமா, அங்கே இன்றும் மக்கள் ஆரோக்கியஸ்ரீ என்றே அழைக்கும் திட்டம் இங்கே செல்லுமா என்பதைக் கிளம்புமுன் அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அனுமதித்த பிறகு இடம் மாற்றுவதில் இரண்டு நாள் போய்விடும். எல்லை தாண்டிப் போகிறவர்கள், "துண்டி எமுக விரிகிந்தி" என்ற மூன்று தெலுங்குச் சொற்களை நினைவில் வைத்தால் வாசலிலேயே வேலை சுருங்கும். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்பது அதன் பொருள். வலிக்கு அங்கே நொப்பி.

முதல் கோரிக்கை வலி தணிப்பாக இருக்கட்டும். தொடையிடுக்கின் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்று உண்டு. போதை கலந்த வலி மருந்துகளைக் குறைக்கவும், அதனால் வரும் மனக்குழப்பத்தைத் தவிர்க்கவும் அது உதவுகிறது. சாதாரண வலி மாத்திரைகள் முதியோரின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அறுவை தள்ளிப்போகும் நாளில் காலை முதல் இரவு வரை வெறும் வயிற்றில் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. மயக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்வரை திட உணவும், இரண்டு மணி நேரம் முன்வரை தண்ணீரும் பொதுவாக அனுமதிக்கப்படும் என்பதால், பட்டியலில் பெயர் எப்போது வரும் என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன அறுவை என்பது முறிவின் இடத்தைப் பொறுத்தது. கழுத்து முறிந்து விலகியிருந்தால் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துவார்கள். முன்பு நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவராக இருந்தால் கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டையே மாற்றுவதும் உண்டு. அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் 1962-இல் நிலைநிறுத்திய முறையின் வழித்தோன்றல்தான் இன்றைய முழு மூட்டு மாற்று. கீழ்ப்பகுதி முறிவுக்குத் தகடும் பெருந்திருகாணியும், அல்லது எலும்பின் உட்குழிக்குள் செலுத்தும் ராடும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதா, முழு மயக்கமா என்பதை மயக்க மருத்துவரிடம் விட்டுவிடுங்கள், இரண்டும் ஏற்றவையே.

அறுவை மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நாளைக்கே முழு எடையும் ஊன்றி நிற்கலாமா?" பெரும்பாலான நேரங்களில் பதில் ஆம் என்றே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்று சொன்னால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒற்றைக் காலில் வாக்கர் பிடித்துத் தாவி நடக்க எண்பது வயதில் எவராலும் முடியாது. ஊன்றாதே என்பதற்கு அந்தப் பெரியவர் உடம்பில் படுத்திரு என்றே பொருள்.

எழுந்த நாளும் அதற்குப் பின்னும்

மறுநாள் காலையில் கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லையென்றால் வாக்கரைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். வாக்கரின் உயரத்தைக் கடைக்காரர் வைத்தபடியே விட்டுவிடாதீர்கள். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டின் ரேகைக்கு நேராக வர வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், பிறகு நல்ல கால் என்பது நடையின் வரிசை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே தடவை நெடுநேரம் நடப்பதைவிட, நான்கைந்து முறை சிறிது தூரம் நடப்பது நல்லது. படுத்திருக்கும் நேரத்தில் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், ஆழ மூச்சிழுத்து விடுவதும் மணிக்கொருமுறை நடக்கட்டும்.

இரவில் பெரியவர் இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொல்லலாம், உங்களையே அடையாளம் தெரியாமல் திட்டலாம். பேய் பிடித்ததோ புத்தி பேதலித்ததோ அல்ல. அறுவைக்குப் பின் முதியோருக்கு வரும் இந்தக் குழப்பம் பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். கண்ணாடியையும் காது கருவியையும் மாட்டிவிட்டு, பகலில் சன்னலைத் திறந்து வைத்து, பழகிய முகம் ஒன்று அருகிலேயே இருந்து, மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் விரைவில் சரியாகும். கை கால்களைக் கட்டிலோடு கட்டிப்போடுவது குழப்பத்தைக் கூட்டும்.

மூட்டு மாற்றியவர்களுக்கு, அதிலும் பின்பக்க வழியாக அறுவை செய்தவர்களுக்கு, முதல் மூன்று மாதங்களுக்குச் சில தடைகள் உண்டு: இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலை உட்பக்கமாகத் திருப்பக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவும். நம் வீடுகளில் இதன் பொருள், தரையில் சம்மணமிடுவதும் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவதும் இந்தியக் கழிப்பறையும் வேண்டாம் என்பதே. பொதட்டூர்பேட்டைப் பக்கம் குழித்தறியில் கால் தொங்கவிட்டு நெய்து பழகிய பெரியவர்கள், உட்கார்ந்துதானே வேலை செய்கிறேன் என்று கேட்பார்கள். உட்காருவதில் தவறில்லை, குழிக்குள் இறங்குவதிலும் ஏறுவதிலும் இடுப்பு மடங்கிச் சுழல்வதுதான் ஆபத்து. முழங்காலைவிடச் சற்று உயரமான நாற்காலியும், அதே உயரத்துக்குக் கட்டைகள் வைத்து உயர்த்திய கட்டிலும், இரும்பில் செய்த கழிப்பறை நாற்காலியும் போதும். வீட்டுத் திண்ணை உயரமாக இருந்தால் அதைவிட நல்ல இருக்கை இல்லை.

சாப்பாட்டில் நம் வழக்கம் தலைகீழானது. தையல் இருக்கும்போது முட்டையும் பருப்பும் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று பத்தியம் பிடிக்கிறார்கள். புண் ஆறவும் தசை தேறவும் வேண்டிய புரதம் அவற்றில்தான் இருக்கிறது. சீழ் வைப்பது கிருமி, முட்டை அல்ல. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. நாளொன்றுக்கு வேண்டிய 1000 முதல் 1200 மில்லிகிராமை எட்ட, களியோடு மோரும் கீரையும் எள்ளும் சேர்ந்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தையல் பொதுவாக 12 முதல் 14 நாட்களில் பிரிக்கப்படும். அதற்குப் பிறகும் காயத்திலிருந்து நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, நன்றாக நடந்துகொண்டிருந்தவரின் கால் திடீரென்று குட்டையானாலோ அன்றே போக வேண்டும். மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே.

மருத்துவமனைகள் அவசரத்தில் விட்டுவிடுவதும், வீட்டார் கேட்கத் தெரியாமல் விட்டுவிடுவதும் ஒன்று உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே தொடையெலும்பு முறிகிறது என்றால் அந்த எலும்பு முன்பே புரையோடி வலுவிழந்திருந்தது. இதுதான் எலும்புப் புரை. மறுபக்க இடுப்பும் அதே எலும்பால் ஆனது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. தறிக் கொட்டகைக்குள்ளேயே நாளைக் கழித்து வெயிலே படாதவர்களுக்கு வைட்டமின் டி குறைவும் சேர்ந்துகொள்ளும். எனவே தையல் பிரிக்கப் போகும் நாளில், எலும்புப் புரைக்கு என்ன மருந்து தருகிறீர்கள் என்று நீங்களே கேளுங்கள். வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை என்றால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். இதை மறப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரத்த நாளத்தில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் வசதி. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு அதைக் கொடுத்தபோது புதிய முறிவுகளும் இறப்புகளும் குறைந்ததாக 2007-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை செய்து, வைட்டமின் டி குறைவைச் சரிசெய்திருக்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துவிட வேண்டும். ஊசி போட்ட ஓரிரு நாட்கள் காய்ச்சலும் உடல்வலியும் வந்து போகும்.

அடுத்த தவணைக்கான தேதியை மருத்துவச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு தொலைந்துவிடுகிறது. நான் பார்க்கும் ஒரு வீட்டில் திருத்தணி ஆடிக் கிருத்திகையைக் கணக்காக வைத்திருக்கிறார்கள். காவடிக்கு மஞ்சள் துணி எடுக்கும் வாரத்தில் பாட்டிக்கு ஊசி.